இரண்டாவது தட்டில் தொலைந்துபோனேன்: 'கன்வெர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

நள்ளிரவுச்செவி

எல்லோருக்கும் வணக்கம். சைடிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையைக் கேட்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை பார்க்கும்போது பின்னணியில் ஓடட்டும் என்று தொடங்கியது. இப்போது அதைக் கேட்பதற்காக வேலையை நிறுத்தும் அளவுக்கு வந்துவிட்டேன்.

இன்ஃபெக்டட் மஷ்ரூம் இரட்டையரின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டுவந்தேன். 1999இல் வந்த 'தி கேதரிங்', 2000இல் 'கிளாசிக்கல் மஷ்ரூம்', 2001இல் 'பி.பி. எம்பயர்'. மூன்றும் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொண்டன. அதே வேகத்தில் போன வாரம் 2003இன் 'கன்வெர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' எடுத்தேன். இரண்டு இசைத்தட்டுகள். முதலாவது டிரான்ஸ் பக்கம், இரண்டாவது மறு பக்கம் என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் தட்டில் எனக்குச் சிக்கல் இல்லை. விசித்திரமான சத்தங்கள் நிறைய இருந்தாலும் கால் பதிக்கத் தரை இருந்தது. இரண்டாவது தட்டு தொடங்கியதும் அந்தத் தரை போய்விட்டது. வேகம் இறங்குகிறது. குரல் வருகிறது, பாடுகிறதா, அரைபடுகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்று பிடிபடவில்லை. 'ஐ விஷ்' என்ற பாட்டு நினைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. 'அவ்ராட்ஸ்' பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. பாதியில் நிறுத்தினேன். மறுநாள் மறுபடி போட்டேன், அன்றும் பாதியில்தான்.

பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. நிறுத்திய பிறகும் மூன்று நாள் அதன் துண்டுகள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. எனக்குப் பிடிக்காத இசை அப்படி ஓடாது. கேட்டுப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

இருள்வனம்

இரண்டாவது தட்டு டிரான்ஸ் இல்லை. நீங்கள் தொலைந்துபோனது உங்கள் காதின் குறை அல்ல.

டிரான்ஸ் என்ற சொல்லுக்கே ஒரு பொருள் இருக்கிறது. விடாமல் ஒரே துடிப்பு ஓட வேண்டும், அது நம்மை மெல்ல மெல்ல எண்ணங்களிலிருந்து கழற்ற வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும் இசை அதைச் செய்யாது. அந்தத் தட்டில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. திறமை ஏராளம். ஆனால் மயக்கம் இல்லை.

மரபு மீறிய சைடிரான்ஸ் ஆல்பம் வேண்டுமென்றால் எக்ஸ்-ட்ரீம் என்ற ஹாம்பர்க் இரட்டையரின் 'ரேடியோ' கேளுங்கள். 1998. அந்தக் காலத்தில் எல்லோரும் மெட்டின் மேல் மெட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் மெட்டையே கழித்துவிட்டார்கள். இயந்திரம் மூச்சு விடுவது போன்ற ஒரு வறண்ட சத்தம், அடியில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். விதியை விட்டு வெளியே போவதைவிட விதிக்குள் நின்றே அதை அந்நியமாக்குவது கடினம் என்பது என் எண்ணம்.

பதினாறுதட்டு

இருள்வனம் சொல்லும் அந்தத் துடிப்பு என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் வீட்டில் இந்த இசையை உருவாக்கிப் பார்க்கிறவன், அதனால் கணக்காகத்தான் சொல்ல வரும்.

சைடிரான்ஸ் நிமிடத்துக்கு 145 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே சுமார் 414 மில்லிவினாடி. அதை நான்காக வெட்டினால் ஒவ்வொரு பங்கும் 103 மில்லிவினாடி. முதல் பங்கில் கிக் என்னும் முரசடி, மற்ற மூன்றில் பேஸ் என்னும் தாழ்ந்த சுரம். கிக்-பேஸ்-பேஸ்-பேஸ். நம் வாயால் சொன்னால் தகதிமி தகதிமி. 'த' மட்டும் கிக். முழுப்பாட்டும் இந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கேட்க எளிமையாக இருக்கும். செய்யப்போனால் நாள்கணக்கில் இழுக்கும். கிக்கின் வால் அந்த 103 மில்லிவினாடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த பேஸ் சுரத்தின் தலையில் ஏறிவிடும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ் சுரமும் அதே போல அடுத்தது வருவதற்குள் மூடிக்கொள்ள வேண்டும். பாட்டின் மற்ற எல்லாவற்றையும் இரண்டு நாளில் முடித்துவிட்டு, இந்த நாலு தட்டுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் மூன்று ஆல்பங்களில் உங்கள் காது இந்தச் சக்கரத்துக்குப் பழகிவிட்டது. பழகியதால் அதைக் கவனிப்பதை நிறுத்திவிட்டது. இரண்டாவது தட்டில் அது இல்லாமல் போனபோது, இல்லாமல் போனது எது என்று பெயர் சொல்ல முடியாமல் தரை போய்விட்டது என்கிறீர்கள்.

சுருதிப்பெட்டி

பதினாறுதட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் சிறுவயதிலிருந்து கர்நாடக இசை பாடிப் பழகியவள். சைடிரான்ஸுக்குத் தாமதமாக வந்தேன், வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு விஷயம் வியப்பாகவே இருக்கிறது.

அந்தப் பேஸ் தாளம் மட்டும் அல்ல. எட்டு நிமிடப் பாட்டில் பெரும்பாலும் ஒரே சுரத்தில்தான் நிற்கும். ஷட்ஜத்தில் ஊன்றி நிற்கிறது. நாங்கள் பாடும்போது பின்னால் தம்புரா எதைச் செய்கிறதோ, அதையே அது வினாடிக்கு ஏழெட்டு முறை தட்டிச் செய்கிறது. ஆக, இந்த இசையில் சுருதியும் தாளமும் ஒரே பொருளில் இருக்கின்றன. வேறு எந்த இசையிலும் இவ்வளவு ஒட்டிப் பிறந்து நான் கேட்டதில்லை.

அதன் மேல் ஓடும் மெட்டுகளும் எனக்கு அந்நியமாக இல்லை. சைடிரான்ஸுக்கு முன்னோடியான பழைய கோவா டிரான்ஸில் அடிக்கடி வரும் சுர வரிசை ஒன்றை மேற்கே ஃபிரிஜியன் டாமினன்ட் என்பார்கள். சுரங்களை வரிசையாக எழுதினால் நம் வகுளாபரணம், 14ஆவது மேளகர்த்தா ராகம். வெறும் ஃபிரிஜியன் என்றால் தோடியின் சுரங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாததால் அது தோடி ஆகிவிடாது, ஆனால் அந்தக் கீழ் ரிஷபத்தின் இழுப்பு அப்படியே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது தட்டில் தாளம் மட்டும் மாறவில்லை. சுருதியும் நகர்கிறது. கீழே சுரம் மாறிக்கொண்டே போக, மேலே பாட்டு அதோடு சேர்ந்து இடம் மாறுகிறது. தம்புராவை யாரோ பாட்டின் நடுவில் வேறு சுருதிக்குத் திருப்பினால் எப்படி இருக்கும்? உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். முதல் தட்டில் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு, பேஸ் நிற்கும் சுரத்தை வாய்மூடி முணுமுணுங்கள். பாட்டு முடியும்வரை விடாதீர்கள். அப்புறம் இரண்டாவது தட்டுக்குப் போய் அதே போல முணுமுணுக்கத் தொடங்குங்கள். எங்கே உங்கள் சுரம் பிசகுகிறதோ அங்கே பாட்டு உங்களை எங்கோ அழைத்துப் போகிறது என்று பொருள்.

பழையகேசட்

நல்ல இழை. தம்பி நள்ளிரவுச்செவி, குரல் ஏன் உங்களை அவ்வளவு உறுத்தியது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

1980களில் கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் இரவு முழுக்க இசை ஓடியபோது சைடிரான்ஸ் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னணு இசையைத்தான் போட்டார்கள். அங்கே இருந்த டிஜேக்கள் அதை அப்படியே போடவில்லை. கேசட்டில் பதிந்து, குரல் வரும் பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, இசை மட்டும் வரும் துண்டுகளை நீட்டி ஒட்டினார்கள். யாரோ ஒருவரின் காதல் கதையை விடியும்வரை ஆடுகிறவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். இந்த இசை பிறந்ததே குரலை வெட்டி எடுத்த இடத்திலிருந்துதான்.

அதனால் பின்னால் 1990களில் லண்டனில் டிராகன்ஃபிளை, டிப் போன்ற வெளியீட்டு நிறுவனங்கள் வந்து கோவா டிரான்ஸ் என்று ஒரு வடிவம் உறுதியானபோதும் குரலுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. விண்வெளிப் படத்திலிருந்து எடுத்த ஒரு வசனத் துண்டு, பாட்டு ஓய்ந்து நிற்கும் இடத்தில் வரும். அவ்வளவுதான் அனுமதி. 2003இல் ஒரு முழுத் தட்டில் குரலைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தது, கேட்டுப் பழகியவர்களுக்கு வாசலில் நின்ற ஆளை மூலஸ்தானத்தில் பார்த்தது போல இருந்தது. நானும் அன்று முகம் சுளித்தவன்தான். நாலு வருடம் அந்தத் தட்டைத் தொடவில்லை.

இன்னொன்று. கோவாவில் வெயிலிலும் மணலிலும் வினைல் தட்டுகள் தாங்காது. கேசட்டும், பின்னால் டாட் எனப்பட்ட டிஜிட்டல் ஒலிநாடாவும்தான் கையில் இருந்தன. நாடாவில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டை இன்னொன்றோடு எளிதில் இழைக்க முடியாது. அதனால் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை முழுதாக ஓடவிட்டார்கள். அந்தப் பாட்டுகளுக்கு நீளமான, தாளமே இல்லாத முகப்பும் முடிவும் இருப்பது இதனால்தான். 2023இல் காலமான கோவா கில் என்ற டிஜே நெடுங்காலம் டாட் நாடாக்களையே வைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆளாக 24 மணி நேரம் இசை போட்டவர் அவர்.

ஆக, முழுதாகக் கேட்பது என்பது இந்த இசையின் பழக்கம். நீங்கள் பாதியில் நிறுத்தினேன் என்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நள்ளிரவுச்செவி

அண்ணா, சுருதிப்பெட்டி அக்கா, பதினாறுதட்டு, எல்லோருக்கும் நன்றி. குரலை வெட்டிய கதை எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு முதல் தட்டை மறுபடி ஓடவிட்டேன். 'டீப்லி டிஸ்டர்ப்ட்' பாட்டில் முதல் தட்டிலேயே குரல் இருக்கிறது! அங்கே அது என்னை உறுத்தவே இல்லை. கீழே சக்கரம் ஓடிக்கொண்டிருப்பதால் குரலும் இன்னொரு சத்தமாகப் போய்விடுகிறது போல.

முணுமுணுப்புப் பயிற்சி முயன்றேன், ஆனால் பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்றே என்னால் பிடிக்க முடியவில்லை. கிக் மட்டும் டிக் டிக்கென்று கேட்கிறது. நான் கேட்பது கையடக்கமான ஒரு புளூடூத் ஒலிபெருக்கியில். அதுதான் காரணமா?

மெல்லொலி

அதுதான் காரணம். சைடிரான்ஸ் பேஸின் அடிப்படைச் சுரம் பெரும்பாலும் 40 முதல் 55 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கிக்குள் இருக்கும் சின்னக் கூம்பால் அவ்வளவு தாழ்ந்த ஒலிக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. அடிச்சுரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கும் துணைச்சுரங்களை மட்டும் கேட்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். மெதுவான பாட்டில் இந்த ஊகம் நன்றாகவே வேலை செய்யும். 103 மில்லிவினாடிக்கு ஒரு சுரம் என்று ஓடும்போது ஊகிப்பது கடினம், அதனால் பெரும்பாலும் தட்டல் மட்டும் மிஞ்சுகிறது.

காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை, காதுக்கும் மெத்தைக்கும் இடையே கசிவு இல்லாமல் இருந்தால் போதும். கசிந்தால் முதலில் தொலைவது பேஸ்தான்.

செயலியில் இரண்டு விஷயம் பாருங்கள். பாட்டு வரிசையைக் கலைக்கும் அமைப்பு அணைந்திருக்கட்டும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் அமைப்பும் அணைந்திருக்கட்டும். மறு பக்கத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள் முக்கியமானவை.

அப்புறம் ஒலியளவு. இந்த இசை கேட்கக் கேட்கக் கூட்டத் தோன்றும், அதை நான் அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் நாலு மணி நேரம், 100இல் கால் மணி நேரம்தான். என் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் எட்டு வருடமாக நிற்கவில்லை. அமைதியான அறையில், பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவில் வைத்துக் கேளுங்கள். இந்த ஆல்பத்தின் நுணுக்கங்கள் அந்த அளவில்தான் பிரிந்து கேட்கும்.

கம்பளிப்பூச்சி

ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இந்த மாதிரி ஆல்பங்களைப் போதையில் கேட்டால்தான் புரியும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பழையகேசட்

தவறாக நினைக்க ஒன்றும் இல்லை, எல்லோரும் கேட்கிற கேள்விதான். என் பதில், இல்லை.

சைக்கெடெலிக் என்ற சொல்லை 1950களில் உருவாக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். கிரேக்கத்தில் சைக்கி என்றால் மனம், டெலோஸ் என்றால் வெளிப்படையானது. மனத்தை வெளியே கொண்டுவந்து காட்டுவது என்று பொருள். இந்த இசையின் வரலாற்றில் போதைப்பொருள் இருந்தது, அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆனால் இந்த ஆல்பங்களில் காதுக்குள் நடப்பவை எல்லாம் ஒலியால் செய்யப்பட்டவை. நிறம் மாறும் சுரம், இடமிருந்து வலம் சுற்றும் சத்தம், வரும் என்று காத்திருக்கும்போது வராமல் போகும் அடி, இவற்றைத் தெளிந்த தலையோடு கேட்டால்தான் எப்படிச் செய்தார்கள் என்று வியக்க முடியும். முப்பது வருடமாகக் கேட்கிறேன், மிக ஆழமாகக் கேட்ட இரவுகள் எல்லாம் தெளிவாக இருந்த இரவுகள்தான்.

பதினாறுதட்டு

நிறம் மாறும் சுரம் என்று அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். சுருதிப்பெட்டி கமகம் இல்லை என்றார். உண்மை. ஆனால் கமகம் இருக்க வேண்டிய இடத்தில் இந்த இசை வேறு ஒன்றை வைத்திருக்கிறது.

ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சின்னக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாகக் கிடார் பழகுகிறவர்களுக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கும் என்பது நோக்கம். அதிகம் விற்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்த அந்தக் கருவியை சிகாகோவில் சில இளைஞர்கள் எடுத்து, பாட்டு ஓடும்போதே ஒலியை வடிகட்டும் ஃபில்டர் குமிழ்களைத் திருகினார்கள். சுரம் மாறவில்லை, அதே நாலைந்து சுரங்கள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. ஆனால் ஒலியின் நிறம் முனகலிலிருந்து கீச்சிடலுக்கு வழுக்கிக்கொண்டே போனது. 1987இல் அது ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை ஆனது, அங்கிருந்து கோவா டிரான்ஸுக்குள் வந்தது.

இங்கே மெட்டு என்பது சுரங்களின் நகர்வு மட்டும் அல்ல. ஒரே சுரத்தில் நின்றபடி அதன் வாய் திறப்பதும் மூடுவதும் மெட்டுதான். 'ஆ' என்று பாடிக்கொண்டே வாயை 'ஊ'வுக்குக் குவித்துப் பாருங்கள், அதைத்தான் ஃபில்டர் செய்கிறது.

இப்போது மறு பக்கத்தின் குரலுக்கு வாருங்கள். நள்ளிரவுச்செவிக்குப் பாடுகிறதா அரைபடுகிறதா என்று சந்தேகம் வந்ததே, அது மிகச் சரியான இடம். ஒரு மனிதக் குரலை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, அசைகளை அடியின் கால் பங்குகளில் தூவி, 303 வரிசைக்கு என்ன செய்வார்களோ அதையே குரலுக்குச் செய்திருக்கிறார்கள். 'ஐ விஷ்' பாட்டில் சொற்களைத் தேடாமல், அதை ஒரு ஆசிட் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் பாட்டு திறந்தது அப்படித்தான்.

இருள்வனம்

பதினாறுதட்டு எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு மறு பக்கத்தை முழுதாகக் கேட்டேன். பல வருடத்துக்குப் பிறகு.

'ஐ விஷ்' பற்றி அவர் சொன்னது சரி. அந்தப் பாட்டைப் பொறுத்தவரை நான் தட்டைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 'அவ்ராட்ஸ்' பாட்டும் பொறுமையாகக் கட்டிக்கொண்டு போகிறது, அதில் நான் கேட்கும் மயக்கம் இருக்கிறது. ஆனால் தட்டு முழுக்க என்று பார்த்தால் என் கருத்து மாறவில்லை. ஒரு பாட்டு என்னைக் கழற்றத் தொடங்கும்போது அடுத்தது வந்து உலுக்கி எழுப்பிவிடுகிறது. பதின்மூன்று பாட்டுகளில் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. இசைஞர்களுக்கு எல்லாவற்றையும் முயன்று பார்க்கும் ஆசை இருந்தது தெரிகிறது, கேட்கிறவன் எங்கே இருக்கிறான் என்ற நினைப்பு தெரியவில்லை.

சுருதிப்பெட்டி

இருள்வனம், நீங்கள் மறுபடி கேட்டுவிட்டு வந்து எழுதியது மகிழ்ச்சி. உலுக்கி எழுப்புகிறது என்பது எனக்கும் உண்மைதான். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. கச்சேரியில் பிரதான உருப்படி முடிந்ததும் துக்கடா எனப்படும் சின்னப் பாட்டுகள் வருமே, அந்த இடத்தில் யாரும் மறுபடி ஆழத்தை எதிர்பார்ப்பதில்லை. முதல் தட்டு எழுபது நிமிடத்துக்கு மேல் ஒரே பிடியாக ஆட்டிவிட்டுப் போகிறது. அதன் பின் இறுக்கம் தளர்ந்து, ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்ப்பது போல மறு பக்கம் வருகிறது. தனியாக எடுத்தால் சிதறலாகத் தெரியும். முதல் தட்டின் நீட்சியாக, அதே இரவில் கேட்டால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னும் ஒன்று, இந்த இருவரும் கிளாசிக்கல் பியானோ பழகி வளர்ந்தவர்கள். ஒரே சுருதியில் நிற்கும் இசை அவர்களுக்குத் தாய்மொழி அல்ல, பின்னால் கற்றுக்கொண்ட மொழி. சுருதி நகர்வதுதான் அவர்கள் வளர்ந்த வீடு. மறு பக்கத்தில் அவர்கள் மரபை மீறினார்கள் என்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கு அது திரும்பிப் போவது போல இருந்திருக்கலாம்.

பழையகேசட்

இது நான் யோசிக்காத கோணம். 2004இன் 'ஐ.எம். தி சூப்பர்வைசர்', 2007இன் 'விஷியஸ் டெலிஷியஸ்' இரண்டையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிறது. குரலும் கிடாரும் அங்கே நிலையாகக் குடியேறிவிடுகின்றன. 2003 ஆல்பம் அவர்கள் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நின்ற கணம். இரண்டு தட்டாகப் பிரித்தது அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. கலந்து ஒரே தட்டாகத் தந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெளிவாகக் கேட்டிருக்காது.

மெல்லொலி

நள்ளிரவுச்செவி, ஹெட்ஃபோனில் கேட்டீர்களா? என்ன ஆயிற்று?

நள்ளிரவுச்செவி

கேட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டேன்.

முதல் இரவு முதல் தட்டு மட்டும். ஒலியளவை வழக்கத்தைவிட நன்றாகக் குறைத்து, காதை மூடும் பழைய ஹெட்ஃபோன் ஒன்றைத் தேடி எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே பேஸ் எந்தச் சுரம் என்று தெரிந்துவிட்டது. இத்தனை நாள் இந்த இசையின் பாதியைக் கேட்காமலே விரும்பியிருக்கிறேன். முணுமுணுத்தேன். இரண்டு பாட்டுக்குப் பிறகு வாய் தானாகவே மூடிக்கொண்டது, ஆனால் சுரம் உள்ளே நின்றது. பதினாறுதட்டு சொன்ன தகதிமியையும் விரலால் போட்டுப் பார்த்தேன். மூன்று 'கதிமி'யும் ஒரே அளவு இல்லை, சில பாட்டுகளில் கடைசி 'மி' கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது என்று தோன்றியது. அது உண்மையா, என் கற்பனையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் இரவு இரண்டாவது தட்டைத் தனியாகப் போட்டேன். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் இருள்வனம் சொல்லும் உலுக்கல் எனக்கும் இருந்தது. நாலாவது பாட்டான 'அவ்ராட்ஸ்' முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று கை போனது. நிறுத்தவில்லை. கடைசிவரை போனேன். பிடித்தது என்று சொல்ல முடியாது, தாங்கினேன் என்று சொல்லலாம்.

நேற்று விடுமுறை. சுருதிப்பெட்டி அக்கா சொன்னபடி இரண்டையும் ஒரே இரவில், இடையில் ஐந்து நிமிட மௌனம் மட்டும் விட்டுக் கேட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் தட்டு நின்றுவிட்டது, அறையில் சத்தமே இல்லை, ஆனால் எனக்குள் சக்கரம் நிற்கவில்லை. கிக்-பேஸ்-பேஸ்-பேஸ் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சுவாசம்கூட அதற்கு ஏற்ப விழுந்தது. அந்த நிலையில் இரண்டாவது தட்டைத் தொடங்கினேன்.

இந்தத் தடவை தரை போகவில்லை. பாட்டு மெதுவாகப் போனபோது உள்ளே ஓடிய சக்கரம் அதன் அடியில் இருந்தது. இரண்டும் பொருந்தாமல் உரசின, அந்த உரசலைக் கேட்பதே ஒரு சுகமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக என் சக்கரம் பாட்டின் வேகத்துக்கு இறங்கியது. எந்தப் பாட்டில் முழுதாக இறங்கியது என்று கவனிக்க நினைத்திருந்தேன், கவனிக்க மறந்துவிட்டேன்.

'ஐ விஷ்' வந்தபோது சொற்களைத் தேடவில்லை. வாய் திறந்து மூடும் ஒரு சத்தமாகக் கேட்டேன். முடிந்ததும் பின்னால் போய் இன்னொரு முறை போட்டேன். வரிசையைக் கலைக்கக் கூடாது என்று மெல்லொலி சொன்னதை அங்கே மட்டும் மீறினேன்.

'அவ்ராட்ஸ்' பற்றி எழுத முயன்று மூன்று முறை அழித்துவிட்டேன். அதில் ஒரு இடத்தில் நான் பிடித்து வைத்திருந்த முணுமுணுப்புச் சுரம் பாட்டோடு பொருந்தாமல் போனது. விட்டுவிட்டுப் பாட்டின் சுரத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் என் சுரத்தையே பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பாட்டு சுற்றிவந்து என் சுரத்தின் மேலேயே மறுபடி இறங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பதினாறுதட்டு

கடைசி 'மி' உங்கள் கற்பனை இல்லை. பல பாட்டுகளில் மூன்றாவது பேஸ் சுரத்தைக் கொஞ்சம் தூக்கி வைப்பதும், ஃபில்டரை அங்கே சற்று அதிகம் திறப்பதும் வழக்கம். அடுத்த கிக்கை நோக்கி ஒரு தள்ளு கிடைக்கும். உருவாக்குகிறவர்கள் மாதக்கணக்கில் பழகிக் கேட்கிற விஷயம் அது.

சுருதிப்பெட்டி

சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டீர்களே, அது எங்களுக்குப் பாட்டு வகுப்பில் கடைசியாக வருவது. அடுத்த தடவை எதிராகச் செய்து பாருங்கள். பாட்டோடு சேர்ந்து நகர்ந்துவிட்டு, பழைய சுரம் எங்கே இருந்தது என்று நினைவிலிருந்து தேடிப் பிடியுங்கள்.

இருள்வனம்

ஐந்து நிமிட மௌனத்தை நான் முயன்றதில்லை. இந்த வார இறுதியில் முயல்கிறேன். பதிலுக்கு நீங்கள் 'ரேடியோ' கேட்க வேண்டும், அதே ஹெட்ஃபோனில், அதே இருட்டில்.

நள்ளிரவுச்செவி

'ரேடியோ' இறக்கி வைத்துவிட்டேன். முதல் இரண்டு நிமிடம் மட்டும் எட்டிப்பார்த்தேன். மெட்டே இல்லை என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் அந்த வறண்ட சத்தத்தின் நிறம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முழுதாகக் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.